இலவசப் புத்தகம், செமஸ்டர் கூலி: ஓப்பன்ஸ்டாக்ஸ் சமூகவியல் பாடநூல் பற்றி ஓர் அட்ஜங்க்ட்

புத்தகம் இலவசம். அதனால் கொடுத்த காசுக்குத் தகுமா என்ற வழக்கமான கேள்வியோடு இந்த மதிப்புரையைத் தொடங்க வழியில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் ‘இன்ட்ரொடக்‌ஷன் டு சோசியாலஜி’, மூன்றாம் பதிப்பு. ஓப்பன்ஸ்டாக்ஸ் என்பது ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும், லாப நோக்கமில்லாத பதிப்பகம். 2012இல் அவர்கள் முதன்முதலாகக் கொண்டுவந்த இரண்டு பாடநூல்களில் ஒன்று இயற்பியல், இன்னொன்று இந்தச் சமூகவியல். 2015இல் இரண்டாம் பதிப்பு, 2021இல் மூன்றாவது. இணையத்தில் அப்படியே படிக்கலாம், பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். தாளைப் புரட்டினால்தான் மண்டையில் ஏறும் என்பவர்கள் அச்சுப் பிரதியை விலைக்கு வாங்கலாம்.

மாணவருக்கு நல்ல புத்தகமா என்று சொல்லும் மதிப்புரைகள் நிறையவே இருக்கின்றன. நான் பார்க்கப்போவது வேறு பக்கத்திலிருந்து. நியூஜெர்சியின் நடுப்பகுதியில், இரண்டு வருஷப் படிப்பு தரும் ஒரு சமுதாயக் கல்லூரியில் நான் அட்ஜங்க்ட். அதாவது, கூப்பிட்டால் போய்ப் பாடம் எடுக்கும் பகுதிநேரப் பேராசிரியர். அறிமுகச் சமூகவியல் ஒரு வகுப்பு, அறிமுகக் குற்றவியல் ஒரு வகுப்பு. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் எம்.ஏ. முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, மறுபடி ஒரு முதுகலை படித்த பிறகு கிடைத்த வேலை இது. இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு (நாற்காலி என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், எங்களுக்கு அறையே கிடையாது) இந்தப் புத்தகம் எப்படி என்பதுதான் விஷயம்.

அட்ஜங்க்ட் வேலை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரி என்றதும் ஊரில் இருப்பவர்கள் மனதில் வருவது கண்ணாடி அணிந்த, நிரந்தர வேலை பார்க்கும், புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர். அவர்கள் இப்போது சிறுபான்மை. அமெரிக்கப் பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி 2021 இலையுதிர் காலத்தில் கல்லூரி ஆசிரியர்களில் 68 சதவீதம் பேர் நிரந்தரப் பாதையில் இல்லாதவர்கள். 1987இல் இது 47 சதவீதமாக இருந்தது. சம்பளம் மாதத்துக்கு இல்லை, கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகுக்கு. மூன்று கிரெடிட் வகுப்பு என்றால் அதற்கு ஒரு தொகை, செமஸ்டர் முடிந்ததும் கணக்கு முடிந்தது. வகுப்பில் போதுமான பேர் சேரவில்லை என்றால் தொடங்கும் முன்பே ரத்து. நிரந்தர ஆசிரியர் ஒருவரின் வகுப்பு ரத்தானால், உங்கள் வகுப்பு அவருக்குப் போகும். நீங்கள் அதுவரை தயாரித்தது உங்களோடு இருக்கும்.

நேரக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவருக்குப் பெரிய நிறுவனங்கள் காப்பீடு தர வேண்டும். அட்ஜங்க்டின் வாரத்தை எப்படி அளப்பது? 2014இல் வருமான வரித் துறை ஒரு வழி சொன்னது: வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் இரண்டேகால் மணி நேரமாகக் கணக்கிட்டால் போதும். ஆக என் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து வாரம் ஆறு மணி நேரம் என்றால், சர்க்கார் பார்வையில் நான் பதின்மூன்றரை மணி நேரம் உழைக்கிறேன். நாலு வகுப்பு எடுத்தாலும் 27தான். முப்பதைத் தொடாது. பாடம் தயாரிப்பது, தாள் திருத்துவது, இரவு பதினோரு மணிக்கு ‘ப்ரொஃபசர், என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது எல்லாம் ஒவ்வொரு வகுப்பு மணிக்கும் கூடுதலாக வரும் அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

வகுப்பு உனக்குத்தான் என்று எனக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது. கடைகளில் விற்கும் பெரிய பதிப்பகங்களின் பாடநூல் என்றால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. கல்லூரிக் கடைக்கு ஆர்டர் போட்டு, அது வந்து, மாணவர் நிதியுதவிப் பணம் கைக்கு வந்து, அவர்கள் வாங்கி முடிப்பதற்குள் மூன்றாவது வாரம் ஆகிவிடும். அதுவரை பாதி வகுப்பு புத்தகமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இதில் ‘ஆக்சஸ் கோட்’ என்று ஒன்று வேறு: புத்தகம் பழையதை வாங்கினாலும் வீட்டுப்பாடம் செய்ய அந்த எண்ணைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டும். ஓப்பன்ஸ்டாக்ஸில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. முதல் நாள் வகுப்பில் பலகையில் முகவரியை எழுதுகிறேன், கடைசி வரிசைப் பையன் கைப்பேசியில் திறந்து முதல் அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பிக்கிறான். அவன் படிக்கிறானா, வேறு ஏதாவது பார்க்கிறானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் புத்தகம் இல்லை என்ற சாக்கு அவனுக்கு இல்லை.

என்னுடைய மாணவர்களுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. இரவு கிடங்கில் வேலை செய்துவிட்டு காலை வகுப்புக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலை நெடுக அந்தக் கிடங்குகள்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வகுப்புக்கே தூக்கிவரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். நூறு டாலருக்கு மேல் ஒரு புத்தகம் என்றால் அவர்கள் வாங்க மாட்டார்கள். வாங்காமலே பாஸ் செய்ய முயல்வார்கள், அதில் பலர் தோற்பார்கள்.

இந்தப் புத்தகத்தை முதலில் எனக்குச் சொன்னது அதே கல்லூரியில் கணக்கு எடுக்கும் ஓர் அக்கா. கோயம்புத்தூர்க்காரர், எனக்கு ரொம்ப சீனியர். என் பதற்றத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“புக்குக்கு ஏன் கண்ணு அலையறே? எல்லாம் அதுலயே ரெடியா இருக்குது. ஸ்லைடு இருக்குது, கொஸ்டின் இருக்குது, பதிலும் இருக்குது. நீ போய் நின்னா போதும்.”

“நின்னா போதும்னா அப்புறம் நான் எதுக்குக்கா?”

“கிரேடு ஷீட்ல பேர் போட ஓர் ஆள் வேணுமில்ல?”

அக்கா சொன்னது உண்மைதான். ஆசிரியர் என்று கல்லூரி மின்னஞ்சல் மூலம் உறுதிசெய்துகொண்டால், ஸ்லைடுகள், ஆசிரியர் கையேடு, கேள்வி வங்கி எல்லாம் இலவசமாகத் திறந்துவிடுகின்றன. ஸ்லைடுகள் கடை இட்லி மாவு மாதிரி, அவசரத்துக்குக் கை கொடுக்கும், உப்பு நாம்தான் பார்த்துப் போட வேண்டும். கேள்வி வங்கியை நான் தொடுவதில்லை. எந்தப் பாடநூலின் கேள்வி வங்கியும் நாலு வருஷத்தில் விடைகளோடு இணையத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். தேர்வுக் கேள்வியை அதிலிருந்து எடுத்தால் யாருக்கு நல்ல கூகுள் கைவரும் என்றுதான் சோதித்ததாகும்.

உள்ளே என்ன இருக்கிறது? மொத்தம் 21 அத்தியாயங்கள். சமூகவியல் என்றால் என்ன, ஆய்வு முறை, பண்பாடு, சமூகமயமாதல், குழுக்கள், பிறழ்நடத்தையும் குற்றமும், ஊடகம், சமூக அடுக்கு, உலக ஏற்றத்தாழ்வு, இனம், பாலினம், முதுமை, குடும்பம், மதம், கல்வி, அரசியல், வேலை, உடல்நலம், மக்கள்தொகை, சமூக இயக்கங்கள் என்று போகிறது. செமஸ்டரோ 15 வாரம். அதில் இடைத்தேர்வுக்கு ஒரு வாரம், விடுமுறைக்கு ஒரு வாரம் போய்விடும். எல்லாவற்றையும் நடத்துகிறேன் என்று கிளம்புகிறவர் வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் ஓட வேண்டும். நான் முதுமை, மதம் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஊடக அத்தியாயத்தை மாணவர்களே எனக்கு நடத்துகிறார்கள்.

நடை நன்றாக இருக்கிறது. முதல் தலைமுறைக் கல்லூரி மாணவருக்கு, ஆங்கிலம் இரண்டாவது மொழியாக இருப்பவருக்கு, ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தால் பிடிபடும். மூன்றாம் பதிப்பின் முதன்மை ஆசிரியர்கள் மூவருமே சமுதாயக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்கள். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. எந்த இடத்தில் பிள்ளைகள் கண் சொருகுவார்கள் என்று தெரிந்து அங்கே ஒரு கதையை வைத்திருக்கிறார்கள். ஏழாவது அத்தியாயத்தில் சவ ஊர்தியை அன்றாடக் காராக ஓட்டும் ஒருவரைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. பிறழ்நடத்தை என்றால் குற்றம்தான் என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். சட்டப்படி தப்பில்லை, ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், சிலர் சந்தோஷமாகக் கையசைக்கிறார்கள். ஊரில் தெருவில் அமரர் ஊர்தி நின்றால் எத்தனை பேர் கையசைப்பார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி வரும். அதை வகுப்பில் சொல்வதில்லை.

அந்த ஏழாவது அத்தியாயம்தான் என் தொழிலுக்கு நடுநாயகம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மூன்று பகுதி: பிறழ்நடத்தையும் கட்டுப்பாடும், கோட்பாடுகள், குற்றமும் சட்டமும். கோட்பாட்டுப் பகுதியில் டர்க்ஹைம், மெர்ட்டன், ஷிகாகோக்காரர்களின் சமூகச் சீர்குலைவு, மார்க்ஸ், சி. ரைட் மில்ஸ், லெமர்ட், சதர்லாண்ட், ஹிர்ஷி எல்லோரும் வரிசையாக வருகிறார்கள். ஆளுக்கு ஒரு பத்தி, மிஞ்சினால் இரண்டு. சமூகவியல் அறிமுகத்துக்கு இது சரியான அளவு.

மெர்ட்டன் பகுதியைப் பாருங்கள். 1938இல் அவர் சொன்னது: பணம், வெற்றி என்ற இலக்கைச் சமூகம் எல்லோர் முன்னாலும் வைக்கிறது, ஆனால் அதை அடையும் நேர்வழியை எல்லோருக்கும் தருவதில்லை. அந்த இடைவெளியில் மனிதர்கள் ஐந்து விதமாக நடந்துகொள்கிறார்கள். இலக்கையும் வழியையும் ஏற்பவர், இலக்கை வைத்துக்கொண்டு குறுக்குவழி தேடுபவர், இலக்கைக் கைவிட்டு விதிகளை மட்டும் கட்டிக்கொண்டு அழுபவர், இரண்டையும் விட்டு ஒதுங்குபவர், இரண்டையும் மாற்றக் கிளம்புபவர். புத்தகம் இதை ஐந்து வரியில், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டோடு முடித்துவிடுகிறது. மாணவர்கள் உடனே ஆளுக்கொரு பெட்டியில் தெரிந்தவர்களைப் போட ஆரம்பிப்பார்கள். கிடங்கில் வேலை செய்யும் ஒரு பையன், தன் சூப்பர்வைசர் மூன்றாவது ரகம் என்றான். பதவி உயர்வு வராது என்று அவருக்கே தெரியும், ஆனால் பத்து நிமிட இடைவேளை பதினோரு நிமிடம் ஆனால் எழுதிவைப்பார் என்றான். பிறகு அவனே, “ப்ரொஃபசர், நீங்க இதுல எது?” என்று கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன் முன்வரிசையில் ஒரு பெண், “அட்ஜங்க்ட் எல்லாம் நம்பர் மூணு” என்றாள். அவள் அம்மாவும் வேறொரு கல்லூரியில் அட்ஜங்க்டாம். அன்று அந்த ஐந்து வரியிலேயே மணி அடித்துவிட்டது.

2023 ஏப்ரலில் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், அட்ஜங்க்ட்டுகள் எல்லோரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்களே, அதற்குப் பிறகு ஐந்தாவது ரகத்துக்கு எடுத்துக்காட்டு தேடி நான் தூரம் போவதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டரை நூற்றாண்டு வரலாற்றில் ஆசிரியர்கள் செய்த முதல் வேலைநிறுத்தம் அது. என் மாணவர்களில் பலர் இரண்டு வருஷம் முடித்ததும் அங்கேதான் மாறிப் போகிறார்கள், அதனால் அவர்களுக்கும் அது பக்கத்து வீட்டுச் செய்தி.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இது அமெரிக்கப் புத்தகம். ‘சமூக அடுக்கு’ அத்தியாயத்தின் தலைப்பிலேயே ‘அமெரிக்காவில்’ என்று இருக்கிறது. அதில் தப்பு சொல்ல முடியாது, அமெரிக்க மாணவருக்கு எழுதியது. ஆனால் என் வகுப்பில் குஜராத்தி, டொமினிக்கன், எகிப்திய, நைஜீரியப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முத்திரை குத்தும் கோட்பாடு, அதாவது ஒருவரைக் குற்றவாளி என்று ஊர் முடிவுகட்டிவிட்டால் அந்தப் பெயரே அவர் வாழ்க்கையை அமைத்துவிடும் என்ற கருத்து, அவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த அனுபவம். புத்தகம் அதைத் தனி மனிதன் அளவில் விளக்குகிறது. ஒரு மக்கள் கூட்டத்துக்கே சட்டம் போட்டு முத்திரை குத்தினால் என்ன ஆகும்?

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மதுரைப் பக்கம் போய்விடுவேன். 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு சமூகத்தையே பதிவேட்டில் ஏற்றலாம். கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். கைரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் போனது. இதைக் கேட்கும்போது வகுப்பில் ஒரு விதமான கவனம் வரும். பென்சில்வேனியாவிலிருந்து வரும் ஒரு கறுப்பின மாணவர், தன் தாத்தா காலத்து ஊர்க்காவல் விதிகளோடு இதை ஒப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். பாடநூலில் இல்லாத ஒன்றிலிருந்து பாடநூலின் கோட்பாட்டுக்கு அவரே திரும்பி வந்தார்.

இரண்டாவது குறை, இது குற்றவியல் வகுப்புக்குப் போதாது. போதும் என்று சொல்லித்தான் சில துறைகள் இரண்டு வகுப்புக்கும் இதையே தலையில் கட்டப் பார்க்கின்றன. ஓர் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு 15 வாரம் ஓட்ட முடியாது. சதர்லாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூடாத சேர்க்கையில் குற்றத்தைக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற அவருடைய கோட்பாடு ஒரு பத்தியில் வந்துபோகிறது. ஆனால் 1939இல் பிலடெல்பியாவில், சமூகவியலாளர் மாநாட்டின் தலைமை உரையில் அவர் ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்ற சொல்லை முன்வைத்தாரே, அதற்கு ஒரு வாரமாவது வேண்டும். சிறையில் இருப்பவர்களை மட்டும் வைத்துக் குற்றத்தின் காரணத்தைத் தேடினால், கோட் போட்டுத் திருடுபவர் கணக்கிலேயே வர மாட்டார் என்பதுதான் அவர் சண்டை. பிலடெல்பியா எங்களுக்கு ஒரு மணி நேர தூரம். மாணவர்களுக்கு அதுவே ஒரு பிடிப்பு.

வில்லியம் சாம்பிளிஸின் 1973 ஆய்வையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். ஒரே உயர்நிலைப்பள்ளியில் இரண்டு பையன் கூட்டம். எட்டுப் பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், ஆறு பேர் ஏழைகள். இரண்டு கூட்டமும் பள்ளிக்கு மட்டம் போட்டது, குடித்தது, சேட்டை செய்தது. முதல் கூட்டம் காரில் ஊருக்கு வெளியே போய்ச் செய்ததால் ‘நல்ல பிள்ளைகள்’, இரண்டாவது தெருமுனையில் நின்று செய்ததால் ‘ரவுடிகள்’. யாரிடம் கார் இருந்தது என்ற ஒரே கேள்வியில் வர்க்கமும் முத்திரையும் சேர்ந்து வந்துவிடும். நான் எத்தனை ஸ்லைடு போட்டாலும் இந்த ஒரு ஆய்வு செய்யும் வேலையைச் செய்யாது.

குற்றப் புள்ளிவிவரமும் அப்படித்தான். எஃப்.பி.ஐ. 1930 முதல் போலீஸ் கணக்குகளைச் சேர்க்கிறது. 1973இலிருந்து வீடு வீடாக மக்களையே கேட்கும் ஆய்வும் நடக்கிறது, ஏனென்றால் வன்குற்றங்களில் பாதிக்கும் மேல் போலீஸ் காதுக்கே போவதில்லை. 2021 ஜனவரியில் எஃப்.பி.ஐ. பழைய முறையைக் கைவிட்டுப் புதிய முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய நகரப் போலீஸே அந்த வருஷக் கணக்கில் இல்லாமல் போனது. புத்தகம் வந்ததும் அதே வருஷம். ‘குற்றம் கூடிவிட்டது’ என்று தொலைக்காட்சியில் சொல்பவர் எந்தக் கணக்கைப் பார்த்தார் என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தால் எனக்கு அந்த செமஸ்டர் லாபம்.

குற்றவியலுக்கு நான் துணையாக வைப்பது ஓரிகான் மாநிலத்தில் 2019இல் வந்த ஒரு திறந்த பாடநூல். அமெரிக்கக் குற்ற நீதி அமைப்பைப் பற்றியது, அதுவும் இலவசம். போலீஸ், நீதிமன்றம், சிறை, சிறார் நீதி எல்லாம் தனித்தனி அத்தியாயம். கோட்பாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. வருங்காலப் போலீஸ்காரர்களுக்கு எழுதியது போலத் தோன்றும் தொனி இடையிடையே எட்டிப்பார்க்கும். என் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு போலீஸாகப் போகிறவர்கள்தான், அதனால் அவர்களுக்குப் பிடிக்கிறது. மற்றவர்களுக்காக நான் ஓப்பன்ஸ்டாக்ஸின் ஏழாவது அத்தியாயத்தை அதற்கு முன்னால் வைக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் முக்கால் வகுப்பு நிறையும்.

மீதிக் கால் நியூஜெர்சி. இந்த மாநிலம் குற்றவியல் ஆசிரியருக்கு ஒரு வரம். 2017 ஜனவரி 1 முதல் இங்கே காசு கட்டி ஜாமீன் என்பது ஏறத்தாழ ஒழிந்தது. பணம் இருக்கிறதா என்று கேட்காமல் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டு, வெளியே விடுகிறார்கள் அல்லது உள்ளே வைக்கிறார்கள். கேம்டன் நகரம் 2013இல் தன் போலீஸையே கலைத்துவிட்டு மாவட்டப் போலீஸிடம் பொறுப்பை ஒப்படைத்தது. சிறையிலிருந்து வந்தவர் ஓட்டுப் போடலாமா என்று புத்தகத்தில் ஒரு விவாதப் பெட்டி உண்டு. அதை நடத்தும்போது, பரோலிலும் புரொபேஷனிலும் இருப்பவர்கள் இந்த மாநிலத்தில் 2020 மார்ச் முதல் ஓட்டுப் போடலாம் என்று சொல்வேன். ஒரு தடவை பின்வரிசையில் இருந்த நடுத்தர வயதுக்காரர் வகுப்பு முடிந்ததும் வந்து, எங்கே பதிவு செய்வது என்று மெதுவாகக் கேட்டார்.

சரி, புத்தகத்தைத் திருத்தலாமா என்றால், திருத்தலாம். அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் வெட்டலாம், ஒட்டலாம், அத்தியாயத்தை முன்னுக்குப் பின் மாற்றலாம், நடுவில் சொந்தப் பக்கங்களைச் செருகலாம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர்கள் இந்தப் புத்தகத்தையே எடுத்துக் கனடாப் பதிப்பாக மாற்றி வைத்திருக்கிறார்கள். தப்பு கண்டுபிடித்தால் தெரிவிக்க ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்திலேயே படிவம் இருக்கிறது.

ஆனால் இந்த வசதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் என் உண்மையான புகார். அது புத்தகத்தின் மேல் இல்லை. புத்தகம், ஸ்லைடு, கேள்வி, விடை எல்லாம் கட்டித் தயாராக இருக்கிறது என்பதால்தான் கல்லூரிகள் எங்களைக் கடைசி நேரத்தில் கூப்பிடத் துணிகின்றன. இணைய வகுப்புப் பக்கத்தில் பதினைந்து வாரத்தையும் யாரோ முன்பே நிரப்பி வைத்திருப்பார்கள். அதை அப்படியே என் பெயருக்கு மாற்றுவார்கள். முன்பு பாடம் தயாரிக்க ஒருவருக்கு நாள் கொடுக்க வேண்டியிருந்தது, இப்போது அந்த நாளைக் கொடுக்கத் தேவையில்லை. மாணவருக்கு மிச்சமாகும் நூறு டாலர் நிஜம், அதை நான் சந்தோஷமாக வரவேற்கிறேன். கல்லூரிக்கு மிச்சமாகும் எங்கள் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஒரு செமஸ்டரில் நான் ஏழாவது அத்தியாயத்துக்கு எழுதிச் சேர்த்த பக்கங்கள், நான் வகுப்பு இல்லாத அடுத்த செமஸ்டரில் என் பெயர் இல்லாமல் இன்னொருவர் வகுப்புப் பக்கத்தில் இருந்தன. இலவசம் என்ற சொல்லை அன்றிலிருந்து கொஞ்சம் உற்றுப் பார்க்கிறேன்.

புதிதாக இதை எடுக்கும் பகுதிநேரக்காரர்களுக்கு நடைமுறை விஷயங்கள் சில. ஆசிரியர் கணக்கை உறுதிசெய்ய நேரம் பிடிக்கலாம், அதனால் வகுப்பு உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள். வகுப்பு இல்லாத செமஸ்டரில் சில கல்லூரிகள் மின்னஞ்சலை மூடிவிடும், ஆகவே தேவையானதைச் சொந்தக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு இணைப்பைக் கொடுத்தாலும் பிடிஎஃப் கோப்பையும் வகுப்புப் பக்கத்தில் போட்டுவிடுங்கள், கிடங்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் சிக்னல் இருக்காது. ஆய்வு முறை அத்தியாயத்தைச் செமஸ்டரின் ஆரம்பத்தில் வைக்காதீர்கள். பாதிப் பேர் வகுப்பை விட்டு ஓடிவிடுவார்கள். குற்றத்துக்குப் பிறகு வையுங்கள். புள்ளிவிவரம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது அவர்களே கேட்பார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் சமூகவியல் வகுப்புக்கு ஐந்துக்கு நாலரை, குற்றவியல் வகுப்புக்குத் தனியாக வைத்தால் ஐந்துக்கு இரண்டு, துணைப் புத்தகத்தோடு என்றால் மூன்றரை.

பெருங்காமநல்லூர்ப் பக்கம், நியூஜெர்சி ஜாமீன் பக்கம், சதர்லாண்ட் வாரத்துக்கான கேள்விகள் மூன்றையும் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் வைத்திருக்கிறேன். எந்த ஊரில் பாடம் எடுப்பவராக இருந்தாலும் கேளுங்கள், அனுப்புகிறேன். வெட்டிக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். எழுதியவர் பெயரை மட்டும் எடுக்காதீர்கள், உரிமத்தின் ஒரே நிபந்தனை அதுதான்.